புற்றுக்கட்டியின் எல்லையை ஒளியால் அறிதல்: உடனொளிர்வுப் படமாக்கம் எங்கே உதவுகிறது, எங்கே உதவாது?

கொல்கத்தா: புற்றுநோய்க் கட்டியை அகற்றும் அறுவை சிகிச்சையில் மருத்துவர் எதிர்கொள்ளும் கடினமான கேள்வி, கட்டி எங்கே முடிகிறது என்பதாகும். கண்ணுக்கும் விரலுக்கும் புலப்படாத சில மில்லிமீட்டர் அளவிலான புற்றுத் திசு உடலில் தங்கிவிட்டால், நோயாளி மீண்டும் அறுவை அரங்குக்குச் செல்ல நேரிடலாம்; நோயும் திரும்பக்கூடும். அதற்கு அஞ்சி அளவுக்கு மீறி அகற்றினால், பேசும் திறன், விழுங்கும் திறன், கை கால் இயக்கம் போன்றவை பாதிக்கப்படலாம்.

இந்த எல்லையை அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே ஒளிரவைத்துக் காட்ட முயலும் தொழில்நுட்பமே 'ஃபுளோரசன்ஸ் இமேஜிங்' எனப்படும் உடனொளிர்வுப் படமாக்கம். நோயாளிக்கு முன்கூட்டியே ஒரு சாயப்பொருள் அளிக்கப்படுகிறது. குறிப்பிட்ட நிற ஒளியை அறுவைப் பகுதியில் பாய்ச்சும்போது, அந்தச் சாயம் சேர்ந்துள்ள திசு வேறொரு நிறத்தில் ஒளிர்கிறது.

பிகார், ஜார்க்கண்ட், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்கள், அண்டை நாடான வங்கதேசம் ஆகிய பகுதிகளிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்காக நோயாளிகள் வந்து சேரும் நகரம் கொல்கத்தா. அறுவை சிகிச்சை முடிந்து பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊருக்குத் திரும்பிய ஒருவரிடம், விளிம்பில் புற்று எஞ்சியுள்ளது, மீண்டும் வர வேண்டும் என்று சொல்வது மருத்துவப் பின்னடைவு மட்டுமன்று. பயணம், தங்குமிடம், இழந்த கூலி என ஒரு குடும்பத்தின் சுமையும் ஆகும். எனவே, முதல் முறையிலேயே முழுமையாக அகற்றுவதற்கு உதவும் எந்த வழிமுறையும் கவனத்துக்குரியது.

விளிம்பு என்றால் என்ன?

கட்டியை அகற்றும்போது, அதைச் சுற்றியுள்ள நலமான திசுவையும் ஒரு பட்டைபோலச் சேர்த்தே மருத்துவர்கள் வெட்டியெடுப்பார்கள். வெட்டியெடுத்த பகுதியின் வெளிப்புறமே விளிம்பு. மருத்துவமனைகளில் 'மார்ஜின்' என்று சொல்லப்படுகிறது.

வெட்டிய திசுவின் வெளிப்பரப்பில் நோய்க்குறியியல் நிபுணர் மை பூசுவார். பின்னர் அதை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார். மை பட்ட இடத்தில் புற்று அணுக்கள் இருந்தால் விளிம்பு 'பாசிட்டிவ்', அதாவது உடலுக்குள் புற்று எஞ்சியிருக்க வாய்ப்புள்ளது எனப் பொருள். இல்லையெனில் விளிம்பு தூய்மையானது.

எவ்வளவு இடைவெளி போதுமானது என்பது உறுப்புக்கு உறுப்பு மாறுபடும். மார்பகத்தைக் காக்கும் அறுவை சிகிச்சையில், ஊடுருவும் வகைப் புற்றுநோய்க்கு மை பட்ட இடத்தில் புற்று இல்லாமல் இருந்தாலே போதும் என 2014-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. வாய்ப் புற்றுநோயில் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் விளிம்பு தூய்மையானது என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மூளையிலோ இத்தகைய இடைவெளிக்கு இடமே இல்லை. அங்கு ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏதேனும் ஒரு செயலுக்கு உரியது.

இப்போதுள்ள நடைமுறை

மை பூசி, மெழுகில் பதித்து, சீவி, நிறமேற்றிப் பார்க்கும் முழுமையான பரிசோதனையின் முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அதற்குள் நோயாளியின் காயம் தைக்கப்பட்டு, அவர் வார்டுக்கோ வீட்டுக்கோ சென்றிருப்பார்.

அறுவை அரங்கிலேயே விடை பெற 'ஃப்ரோசன் செக்‌ஷன்' முறை உள்ளது. வெட்டிய திசுவின் ஒரு பகுதியை உடனடியாக உறையவைத்து, சீவி, நிறமேற்றி, சுமார் 20 நிமிடங்களில் நுண்ணோக்கியில் பார்த்து முடிவைச் சொல்லும் முறை இது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லூயி வில்சன் 1905-இல் இதை நடைமுறைப்படுத்தினார். நூறாண்டுகளுக்கும் மேலாக நம்பகமான முறையாக இது நீடிக்கிறது.

ஆனால் இதற்கும் வரம்புகள் உண்டு. கைப்பந்து அளவுள்ள ஒரு திசுவின் மேற்பரப்பு முழுவதையும் 20 நிமிடங்களில் நுண்ணோக்கியில் பார்த்துவிட முடியாது. சில இடங்களிலிருந்து மட்டுமே மாதிரி எடுக்கப்படுகிறது. எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதை மருத்துவரின் கண்ணும் விரலும்தான் முடிவு செய்கின்றன. கொழுப்பு மிகுந்த மார்பகத் திசுவும், சுண்ணம் நீக்க வேண்டிய எலும்பும் இம்முறைக்கு எளிதில் இடம் தருவதில்லை. மேலும், இதற்கெனப் பயிற்சி பெற்ற நோய்க்குறியியல் நிபுணர் அந்த நேரத்தில் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.

எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஒளியால் சுட்டிக்காட்ட முடியுமா என்ற கேள்வி இங்குதான் எழுகிறது.

ஒளிர்வின் அறிவியல்

சில பொருட்கள் தம்மீது விழும் ஒளியை உறிஞ்சி, அடுத்த கணமே அதைவிட நீண்ட அலைநீளம் கொண்ட ஒளியாக வெளியிடுகின்றன. நீல ஒளி பட்டால் பச்சையாகவோ சிவப்பாகவோ ஒளிர்கின்றன. பிரிட்டன் இயற்பியலாளர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852-இல் இதற்கு 'ஃபுளோரசன்ஸ்' என்று பெயரிட்டார்.

விழும் ஒளி மிக வலிமையானது. திரும்பி வரும் ஒளி மிக மெலிதானது. எனவே, இதைக் காண இரண்டு வடிகட்டிகள் தேவை. ஒன்று, குறிப்பிட்ட நிறத்தை மட்டும் உள்ளே அனுப்பும். மற்றொன்று, அந்த நிறத்தை முற்றிலும் தடுத்து, புதிதாகத் தோன்றிய நிறத்தை மட்டும் கண்ணுக்கோ கேமராவுக்கோ விடும். இன்றைய அறுவை நுண்ணோக்கிகளும் லேப்ராஸ்கோப்பி கேமராக்களும் இதே ஏற்பாட்டில்தான் உடனொளிர்வைக் காட்டுகின்றன.

இந்த இரட்டை வடிகட்டி ஏற்பாட்டுக்குக் கொல்கத்தாவின் அறிவியல் வரலாற்றில் தனி இடம் உண்டு. மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் 1876-இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம், அப்போது 210, பௌபஜார் தெருவில் இயங்கியது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கொல்கத்தா வந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் அங்குதான் 1928-இல் தங்கள் புகழ்பெற்ற சோதனையைச் செய்தனர். சூரிய ஒளியைத் தொலைநோக்கி வில்லையால் குவித்து, நீல-ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்தில் செலுத்தினர். மறுபுறம், அந்த நிறத்தைத் தடுக்கும் மஞ்சள்-பச்சை வடிகட்டியின் வழியே பார்த்தனர். அப்போதும் மெல்லிய ஒளி தெரிந்தது.

அது வெறும் உடனொளிர்வாக இருக்கலாம் என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது. அந்த ஒளி மிக மெலிதாக இருந்தது. அதன் அதிர்வுகள் குறிப்பிட்ட தளத்தில் அமையும் 'தளவிளைவு' என்ற பண்பும் அதில் வலுவாகத் தென்பட்டது. இவ்விரண்டையும் சான்றாகக் காட்டி, இது உடனொளிர்வு அன்று, புதிய வகைச் சிதறல் என்று 1928 மார்ச் 31-ஆம் தேதியிட்ட 'நேச்சர்' இதழில் இருவரும் எழுதினர். அதுவே ராமன் விளைவு. இதற்காக 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

1948-இல் தொடக்கம்

உடனொளிர்வை அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்லும் முயற்சி 1940-களின் இறுதியில் தொடங்கியது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மூர், மூளைக் கட்டிகளைக் கண்டறிய ஃபுளோரசின் என்ற சாயத்தைப் பயன்படுத்திய அனுபவத்தை 1948-இல் வெளியிட்டார். இச்சாயத்தை ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் 1871-இலேயே உருவாக்கியிருந்தார்.

மூளையின் இரத்த நாளங்களுக்கு இயல்பாக ஒரு காப்பு அரண் உண்டு. கட்டி வளரும் இடத்தில் அது சிதைவதால் ஃபுளோரசின் அங்கே கசிந்து தேங்குகிறது. அதாவது, இச்சாயம் புற்று அணுவை அறிவதில்லை. அரண் உடைந்த இடத்தை மட்டுமே காட்டுகிறது. வீக்கம் உள்ள இடத்திலும் அது கசியலாம். எனினும் விலை குறைவு என்பதால், பொருத்தமான வடிகட்டி கொண்ட நுண்ணோக்கி உள்ள இந்திய நரம்பியல் அறுவை மையங்களில் இச்சாயம் இன்றும் பயன்படுகிறது.

மூளைக் கட்டி: வலுவான சான்று உள்ள இடம்

விளிம்பை அறிவதில் உடனொளிர்வின் பயன் மிகத் தெளிவாக நிறுவப்பட்ட நோய், கிளையோமா எனப்படும் தீவிர மூளைக் கட்டி. இங்கு பயன்படுவது 5-அமினோலெவுலினிக் அமிலம், சுருக்கமாக 5-ஏஎல்ஏ.

இது நேரடியாகச் சாயமன்று. இரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமை உருவாக்கும் வழித்தடத்தில் உடலே தயாரிக்கும் ஒரு மூலப்பொருள். நோயாளியின் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம், மயக்க மருந்து தருவதற்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு நீரில் கரைத்துக் குடிக்கத் தரப்படுகிறது. தீவிரக் கட்டியின் அணுக்களில் இது புரோட்டோபார்பிரின்-9 என்ற பொருளாக மாறித் தேங்குகிறது. நுண்ணோக்கியின் நீல ஒளியைப் பாய்ச்சினால், நலமான மூளை நீலமாகவும் கட்டி சிவப்பாகவும் தெரிகின்றன. கட்டி மெலியும் ஓரத்தில் சிவப்பு இளஞ்சிவப்பாக மங்குகிறது.

ஜெர்மனியில் வால்டர் ஷ்டும்மர் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான மருத்துவப் பரிசோதனையே இத்துறையின் அடித்தளம். சாதாரண வெள்ளை ஒளியில் அறுவை செய்தவர்களில் 36 சதவீதத்தினருக்கே ஸ்கேனில் தெரியும் கட்டி முழுமையாக அகற்றப்பட்டிருந்தது. 5-ஏஎல்ஏ பயன்படுத்தியவர்களில் இது 65 சதவீதம். 6 மாதங்கள் வரை நோய் முன்னேறாமல் இருந்தவர்களின் விகிதம் 21 சதவீதத்திலிருந்து 41 சதவீதமாக உயர்ந்தது. ஆயினும், மொத்த ஆயுட்காலம் நீண்டது என்று அந்த ஆய்வு தெளிவாக நிறுவவில்லை. இம்மருந்துக்கு ஐரோப்பாவில் 2007-இலும் அமெரிக்காவில் 2017-இலும் ஒப்புதல் கிடைத்தது.

தீவிரம் குறைந்த மூளைக் கட்டிகள் பெரும்பாலும் இம்மருந்தால் ஒளிர்வதில்லை. ஒளிரும் இடம் பேச்சையோ கை அசைவையோ கட்டுப்படுத்தும் பகுதியாக இருந்தால், அங்கு கட்டி உள்ளது என்று தெரிந்தும் அதை விட்டுவிட மருத்துவர் முடிவு செய்யலாம். மருந்து உட்கொண்டவரின் தோலும் கண்ணும் 24 முதல் 48 மணி நேரம் வரை வலுவான ஒளியிலிருந்து காக்கப்பட வேண்டும்.

பச்சைச் சாயமும் மதுரையும்

உலகின் அறுவை அரங்குகளில் பரவலாகப் பயன்படும் மற்றோர் உடனொளிர்வுச் சாயம் இண்டோசயனின் கிரீன், சுருக்கமாக ஐசிஜி. அமெரிக்காவில் 1959 முதல் மருத்துவப் பயன்பாட்டில் உள்ளது. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியில் இது ஒளிர்வதால், சிறப்புக் கேமராவும் திரையும் தேவை. நீல ஒளி திசுவுக்குள் ஒரு மில்லிமீட்டர்கூட ஊடுருவுவது அரிது. அகச்சிவப்பு ஒளியோ சில மில்லிமீட்டர் ஆழம் வரை செல்லும்.

கண் விழித்திரையின் பின்னுள்ள இரத்த நாளங்களைப் படமெடுக்கவும் ஐசிஜி பயன்படுகிறது. அந்த வழியில் இதற்குத் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் உற்பத்திப் பிரிவாக 1992-இல் தொடங்கப்பட்ட ஆரோலேப், இச்சாயத்தை உள்நாட்டிலேயே தயாரிக்கிறது.

ஆனால் ஐசிஜி என்றாலே விளிம்பைக் காட்டும் கருவி என்று கருதிவிடக் கூடாது. இந்தச் சாயம் பெரும்பாலும் மூன்று பணிகளுக்குப் பயன்படுகிறது: குடலை வெட்டி இணைத்த இடத்தில் இரத்த ஓட்டம் உள்ளதா எனப் பார்த்தல், பித்த நாளத்தை அடையாளம் காணல், புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவைக் கண்டறிதல். இம்மூன்றும் பயனுள்ளவையே, எனினும் கட்டியின் விளிம்பு பற்றிய கேள்விக்கு இவை விடையளிப்பதில்லை.

கல்லீரல் இதற்கு ஒரு விதிவிலக்கு. கல்லீரலின் செயல்திறனை அளக்க அறுவைக்குச் சில நாட்கள் முன்பு ஐசிஜி செலுத்தப்பட்ட நோயாளிகளின் கட்டிகள், அறுவையின்போது ஒளிர்வதை ஜப்பானிய மருத்துவர்கள் கண்டு 2009-இல் வெளியிட்டனர். நலமான கல்லீரல் சாயத்தைப் பித்தத்தின் வழியே வெளியேற்றிவிடுகிறது. கட்டியுள்ள இடத்தில் அது தங்கிவிடுகிறது. வேறு உறுப்பிலிருந்து பரவிய கட்டியாக இருந்தால், அதைச் சுற்றி வளையம்போல ஒளிர்வு தெரிகிறது. அந்த வளையத்துக்கு வெளியே வெட்டுவது மருத்துவர்களுக்கு வழிகாட்டியாக அமைகிறது.

புற்று அணுவையே தேடிச்செல்லும் சாயங்கள்

முந்தைய சாயங்கள் தற்செயலாகக் கட்டியில் தங்குபவை. அடுத்த தலைமுறைச் சாயங்கள், புற்று அணுவின் ஒரு பண்பைக் குறிவைத்து வடிவமைக்கப்பட்டவை.

சினைப்பைப் புற்று அணுக்களின் மேற்பரப்பில் ஃபோலேட் என்ற வைட்டமினை ஏற்கும் ஏற்பிகள் மிகுதியாக உள்ளன. ஃபோலேட்டைப் போன்ற மூலக்கூறுடன் ஒளிரும் சாயத்தை இணைத்து உருவாக்கப்பட்ட பாஃபோலாசியானின் மருந்துக்கு, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 134 பெண்களிடம் நடந்த பரிசோதனையில், 26.9 சதவீதத்தினருக்கு, கண்ணாலும் தொடுதலாலும் அறியப்படாத குறைந்தது ஒரு புற்றுப் பகுதியேனும் இச்சாயத்தால் தெரியவந்தது. 2022 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோய்க்கும் இம்மருந்து ஒப்புதல் பெற்றது. இதைப் பெறுவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் ஃபோலிக் அமில மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். அவையும் அதே ஏற்பிகளில் சென்று அமர்ந்துவிடும்.

மார்பகப் புற்றுநோய்க்கான பெகுலிசியானின் மருந்துக்கு 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. கட்டியில் மிகுந்திருக்கும் நொதிகளால் வெட்டப்படும்போதுதான் இது ஒளிரத் தொடங்குகிறது. கட்டியை எடுத்த பின், மார்பகத்தின் உள்ளே எஞ்சிய குழியில் சிறு கேமராவை வைத்து மருத்துவர் பார்க்கிறார்.

இதன் பரிசோதனை முடிவுகள் இத்தொழில்நுட்பத்தின் பயனையும் வரம்பையும் ஒருசேரக் காட்டுகின்றன. 357 பெண்களில் 27 பேருக்கு, வழக்கமான அறுவை முடிந்ததாகக் கருதப்பட்ட பின்னரும் எஞ்சியிருந்த புற்று இம்முறையால் அகற்றப்பட்டது. அதே வேளையில், எஞ்சிய புற்றைக் கண்டறியும் திறன் சுமார் 49 சதவீதமாகவே இருந்தது. அதாவது, புற்று இருந்த இடங்களில் ஏறத்தாழ பாதி ஒளிரவில்லை. ஆய்வுக்கு முன் நிர்ணயித்த இலக்கை இந்த அளவு எட்டவில்லை. கடுமையான ஒவ்வாமை ஏற்படக்கூடும் என்ற எச்சரிக்கையும் இம்மருந்தின் உறையில் இடம்பெற்றுள்ளது.

இந்தியாவின் கேள்வி: வாய்ப் புற்றுநோய்

சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படுவோர் சுமார் 14 லட்சம் பேர். இவர்களில் உதடு மற்றும் வாய்க்குழிப் புற்றுநோய்க்கு ஆளாவோர் மட்டும் சுமார் 1.43 லட்சம் பேர். புகையிலை, பாக்கு, குட்கா ஆகியவற்றின் பயன்பாடு இதற்கு முக்கியக் காரணம். எனவே, உடனொளிர்வு இந்தியாவுக்கு எவ்வளவு பயன்படும் என்பது பெருமளவில் வாய்ப் புற்றுநோயைச் சார்ந்தது.

இங்கு சாயமே இல்லாமல் ஒரு வழி உண்டு. வாயின் உட்புறத் திசுவிலுள்ள கொலாஜன் போன்ற பொருட்கள் நீல ஒளியில் இயல்பாகவே வெளிர்பச்சையாக ஒளிர்கின்றன. புற்று தோன்றும் இடத்தில் அந்த ஒளிர்வு குறைந்து, கரும்படலமாகத் தெரிகிறது. இந்த இயல்பொளிர்வை அடிப்படையாகக் கொண்டு, திருவனந்தபுரத்தில் உருவான ஓரல்ஸ்கேன் என்ற கைக்கருவி 2020-இல் அறிமுகமானது. சந்தேகத்துக்குரிய இடத்தைக் கண்டு, எங்கிருந்து திசு மாதிரி எடுப்பது என்று முடிவு செய்ய அது உதவுகிறது. மேற்கு வங்கத்தின் மோகன்பூரில் உள்ள ஐசர் கொல்கத்தா நிறுவனத்தின் இயற்பியலாளர்களும், திசுவில் ஒளி சிதறும் விதம், தளவிளைவு, உடனொளிர்வு ஆகியவற்றைக் கொண்டு புற்றுக்கு முந்தைய மாற்றங்களை அறியும் ஆய்வில் ஈடுபட்டுள்ளனர்.

இயல்பொளிர்வால் நோயைக் கண்டறிவது ஒன்று. அதன் துணையால் அறுவையின் எல்லையை வகுப்பது மற்றொன்று. இவ்வகையில் கனடாவின் அனுபவம் ஒரு பாடம். வான்கூவரில், ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களின் பதிவுகளைத் திரும்பிப் பார்த்த ஆய்வு, இயல்பொளிர்வின் துணையுடன் அறுவை செய்தவர்களுக்கு நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்ததாகக் காட்டியது. ஆனால், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்துப் பல மையங்களில் நடத்தி, 2020-இல் வெளியிட்ட பரிசோதனையில் அத்தகைய பலன் தென்படவில்லை. முதல் ஆய்வின் ஊக்கமூட்டும் முடிவை மட்டும் கொண்டு எந்தக் கருவியையும் மதிப்பிடக் கூடாது என்பதை இது உணர்த்துகிறது.

ஒளி சொல்லாதவை

இத்தொழில்நுட்பத்தின் பொதுவான வரம்புகள் நான்கு.

முதலாவது, ஒளிர்வதெல்லாம் புற்றன்று. அழற்சி, முந்தைய கதிர்வீச்சின் வடு, நலமான நிணநீர்க் கணு ஆகியவையும் ஒளிரலாம்.

இரண்டாவது, ஒளிராததெல்லாம் நலமானதன்று. சாயம் சென்று சேராத புற்று அணுக்கள் இருட்டிலேயே இருக்கும். மேலே படர்ந்த இரத்தமும் ஒளியை மறைக்கும்.

மூன்றாவது, ஆழம். மேற்பரப்பில் புற்று இல்லை என்பது, அடியில் இல்லை என்பதற்கு உறுதியாகாது.

நான்காவது, அளவீடு. மங்கலாக ஒளிரும் ஓரத்தைப் புற்று என்று கொள்வதா, விடுவதா என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறுபடலாம்.

ஆகவே, உடனொளிர்வு நோய்க்குறியியல் நிபுணருக்கு மாற்றாக முடியாது. மாதிரி எடுக்க வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டுவதே அதன் பணி. இறுதித் தீர்ப்பு இன்றும் நுண்ணோக்கியின் கீழ்தான் எழுதப்படுகிறது.

கொல்கத்தாவும் கிழக்கிந்தியாவும்

கொல்கத்தாவின் புற்றுநோய் மருத்துவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2 அன்று, மேரி கியூரியின் மகளும் நோபல் பரிசு பெற்றவருமான ஐரீன் ஜூலியோ-கியூரி திறந்துவைத்தார். அதுவே இன்றைய சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனமாக வளர்ந்தது. நியூ டவுன் பகுதியில் ரூ.530 கோடிக்கும் அதிகமான செலவில், 460 படுக்கைகளுடன் அமைந்த அதன் இரண்டாவது வளாகத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2022 ஜனவரி 7 அன்று காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார். அதே ராஜர்ஹாட்-நியூ டவுன் பகுதியில் டாடா மெடிக்கல் சென்டர் 2011 முதல் இயங்கி வருகிறது.

இத்தகைய பெருநகர மையங்களுக்கு வெளியே உள்ள மாவட்ட மருத்துவமனைகளை எண்ணும்போது, உடனொளிர்வுக் கருவியை வாங்குவது மட்டும் தீர்வாகாது. அகச்சிவப்புக் கேமராவும் வடிகட்டி பொருத்திய நுண்ணோக்கியும் விலை உயர்ந்தவை. 5-ஏஎல்ஏ போன்ற மருந்துகளும் அவ்வாறே. விளிம்பை உறுதிசெய்ய நோய்க்குறியியல் நிபுணர் இல்லாத இடத்தில், ஒளிர்வு சொல்வதைச் சரிபார்க்க வழியே இல்லை.

குறைந்த செலவில் இதைச் சாத்தியமாக்கும் முயற்சிகளும் இந்தியாவில் நடந்துள்ளன. விலை குறைந்த ஃபுளோரசின் சாயத்தையும் நீல எல்இடி விளக்கையும் கொண்டு, மார்பகப் புற்றுநோயில் நிணநீர்க் கணுவைக் கண்டறியும் முறையை டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் சோதித்துள்ளனர். இதுவும் விளிம்பு பற்றிய ஆய்வன்று எனினும், ஒளிர்வைக் காண விலை உயர்ந்த கேமரா எப்போதும் தேவையில்லை என்பதை இது காட்டுகிறது.

நோயாளிகள் கேட்க வேண்டிய கேள்விகள்

அறுவை சிகிச்சைக்கு முன் உடனொளிர்வு முறை பரிந்துரைக்கப்பட்டால், நோயாளியும் குடும்பத்தினரும் பின்வருவனவற்றைக் கேட்டறியலாம்:

- இந்தச் சாயம் எதற்காக: விளிம்பை அறியவா, நிணநீர்க் கணுவைக் காணவா, இரத்த ஓட்டத்தைப் பார்க்கவா?
- எனது வகைப் புற்றுநோய்க்கு இம்முறை பலன் தரும் என்பதற்கு மருத்துவப் பரிசோதனைச் சான்று உள்ளதா?
- ஃப்ரோசன் செக்‌ஷன் வசதி இதே மருத்துவமனையில் உள்ளதா?
- விளிம்பு பற்றிய இறுதி அறிக்கை எப்போது கிடைக்கும்? அதில் புற்று எஞ்சியிருப்பது தெரிந்தால் அடுத்த சிகிச்சை என்ன?
- கூடுதல் கட்டணம் எவ்வளவு? காப்பீட்டுத் திட்டத்தில் அது அடங்குமா?

அயோடின் ஒவ்வாமை, பார்பிரியா எனப்படும் பரம்பரை நோய், கர்ப்பம், தற்போது உட்கொள்ளும் மருந்துகள் மற்றும் வைட்டமின் மாத்திரைகள் ஆகியவை குறித்து மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிப்பது அவசியம். இறுதி நோய்க்குறியியல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். ஊர் திரும்பிய பின் வேறு மருத்துவரிடம் சிகிச்சையைத் தொடரும்போது, விளிம்பு பற்றி அதில் உள்ள குறிப்பு கதிர்வீச்சு தேவையா என்பதைத் தீர்மானிக்கும் முக்கிய ஆவணமாகும்.

பௌபஜாரிலிருந்து அறுவை அரங்குக்கு

விளிம்பைத் தேடும் பணியில் இப்போது ராமன் விளைவும் சேர்ந்துள்ளது. ஒவ்வொரு மூலக்கூறும் ஒளியைத் தனக்கே உரிய வகையில் சிதறடிப்பதால், சாயம் ஏதுமின்றித் திசுவின் தன்மையை அறிய இயலும். கனடாவின் மான்ட்ரியலில், அறுவை நடக்கும்போதே மூளைத் திசுவைத் தொட்டுப் பார்க்கும் ராமன் கருவியின் சோதனை முடிவுகள் 2015-இல் வெளியாயின. 2020-இல் அமெரிக்காவில் 278 நோயாளிகளைக் கொண்டு வெளியான ஆய்வில், ராமன் சிதறல் முறையில் எடுத்த படங்களைச் செயற்கை நுண்ணறிவு ஆராய்ந்து, மூளைக் கட்டியின் வகையை 150 விநாடிகளுக்குள் தெரிவித்தது. அதன் துல்லியம் 94.6 சதவீதம், வழக்கமான முறையில் நோய்க்குறியியல் நிபுணர்களின் துல்லியம் 93.9 சதவீதம்.

இக்கருவிகளை உருவாக்குவோர் எதிர்கொள்ளும் இடையூறுகளில் ஒன்று, உயிர்த்திசு இயல்பாகவே வெளியிடும் உடனொளிர்வு. மெலிதான ராமன் ஒளியை அது மூழ்கடித்துவிடுகிறது. 1928-இல் கொல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் தாம் கண்ட ஒளி உடனொளிர்வா, சிதறலா எனப் பிரித்தறிய வேண்டியிருந்தது. இன்று அதே வேறுபாட்டை, அறுவை அரங்கில் நோயாளி மயக்கத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் கருவிகள் பிரித்தறிய வேண்டியுள்ளது.